அத்தியாயம் 7: மூட்டைக்குள் இருக்கும் லாபம்

ஆயத்த ஆடைத் தொழிலில் சுழற்சிப் பொருளாதாரம்

திருப்பூரில் ஏதாவது ஒரு கட்டிங் யூனிட்டுக்கு மாலை ஆறு மணி வாக்கில் போய்ப் பாருங்கள். டேபிளுக்கு அடியில் நாலைந்து மூட்டைகள் கிடக்கும். அன்றைய லே (ஒன்றன்மேல் ஒன்றாக விரித்த துணி அடுக்கு) வெட்டி முடிந்தபின் மிஞ்சியவை அவை: கழுத்து வளைவில் விழுந்த பிறைத் துண்டு, கைக்கும் உடலுக்கும் நடுவே விழுந்த முக்கோணம், ரோலின் கடைசி அரை மீட்டர். வெள்ளையும் கறுப்பும், சுத்தமான காட்டனும் லைக்ரா கலந்ததும் ஒரே மூட்டையில் இருக்கும். வாரம் ஒருமுறை வேஸ்ட் வியாபாரி வண்டியோடு வருவார். எடை போடுவார், ஒரே விலை சொல்வார், அள்ளிக்கொண்டு போவார். கிடைத்த காசு டீ, வடை செலவுக்குப் போகும்.

அந்த மூட்டையைப் பின்தொடர்ந்து போனால் ஒரு குடோனில் போய் நிற்பீர்கள். அங்கே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து துண்டுகளை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். வெள்ளைக்கு ஒரு குவியல், கறுப்புக்கு ஒன்று, சாம்பல் மெலாஞ்சுக்கு ஒன்று. கை அகலத்துக்கு மேல் உள்ள துண்டுகள் தனி. காலையில் ஒரே விலைக்கு வந்த மூட்டை, மாலையில் பத்து விலைகளாகப் பிரிந்து கிடக்கும். துணி அதே துணிதான். பிரித்ததைத் தவிர அங்கே யாரும் அதற்கு எதையும் செய்யவில்லை.

இந்த அத்தியாயம் சொல்ல வருவதும் அதைத்தான். சுழற்சிப் பொருளாதாரம் என்றதும் பலருக்கும் துணியைப் பிய்த்துப் பஞ்சாக்கும் எந்திரம்தான் நினைவுக்கு வருகிறது. மறுநாளே வங்கிக் கடனுக்கு ஓடுகிறார்கள். எந்திரம் கடைசிப் படி. பணம் அதற்கு முந்தைய படிகளில் இருக்கிறது. அவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

படி இறங்கினால் விலையும் இறங்கும்

பருத்தி விளைந்து, நூலாகி, துணியாகி, சாயமேறி, சட்டையாவதற்குள் எவ்வளவோ தண்ணீரும் மின்சாரமும் கூலியும் அதில் சேர்ந்துவிடுகின்றன. அந்தச் சட்டையை மீண்டும் பஞ்சாக்கினால் நூற்ற கூலி, பின்னிய கூலி, தைத்த கூலி எல்லாம் அந்தக் கணமே கரைந்துபோகும். மிஞ்சுவது நார் மட்டும். அதுவும் முன்பைவிடக் குட்டையான நார்.

அதனால் ஒரு துணியை வைத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கும்போது மேலிருந்து கீழே வாருங்கள்:

1. வீணாகாமலே தடுப்பது. 
2. ஆடையை ஆடையாகவே மறுபடி விற்பது, வாடகைக்கு விடுவது, பழுதுபார்ப்பது. 
3. துணியைத் துணியாகவே வைத்து வேறு பொருளாகத் தைப்பது. 
4. துணியைப் பிய்த்து நாராக்கி மீண்டும் நூலாக்குவது. 
5. எந்திரம் துடைக்கும் பனியன் வேஸ்ட், மெத்தை, தலையணைக்குள் அடைக்கும் திணிப்பு. 
6. கொதிகலனில் எரிப்பது, குப்பைமேட்டில் கொட்டுவது.

நம் ஊர் மூட்டைகளில் பெரும்பகுதி நாலாவது படியிலோ ஐந்தாவது படியிலோதான் தொடங்குகிறது. உலக நிலவரம் இன்னும் மோசம். எலன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆடை செய்யப் பயன்படும் மூலப்பொருளில் மீண்டும் புது ஆடையாக மாறுவது 1 சதவீதத்துக்கும் குறைவு. வியாபாரியாக இதைப் படிப்பவர் வருத்தப்பட்டுவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. மீதி 99-ல் தன் இடம் எது என்று தேட வேண்டும்.

முறை 1: வெட்டும் முன்பே மிச்சப்படுத்துவது

இதற்கு முதலீடு குறைவு, வருமானம் அதிகம். ஆனாலும் இதை யாரும் சுழற்சிப் பொருளாதாரம் என்று சொல்லிக்கொள்வதில்லை. படம் எடுத்துப் போட இதில் பெரிதாக எதுவும் இல்லை என்பது காரணமாக இருக்கலாம்.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் யூனிட்டின் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

ஒரு நாளைக்கு 1,000 கிலோ துணி வெட்டுகிறீர்கள். மார்க்கரில் (துணிமேல் ஆடைப் பாகங்களை அடுக்கிப் போடும் வரைபடம்) 88 சதவீதம் ஆடைக்குப் போகிறது, 120 கிலோ மூட்டைக்குப் போகிறது. துணி விலை கிலோ 450 ரூபாய், கலந்த வேஸ்ட்டின் விலை 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

மார்க்கரைச் சரிசெய்து 88-ஐ 90 ஆக்கினால், அதே எண்ணிக்கை ஆடைக்கு 978 கிலோ துணி போதும். மிச்சமாவது 22 கிலோ. அதன் விலை 9,900 ரூபாய். அந்த 22 கிலோவை வேஸ்ட்டாக விற்றிருந்தால் வந்திருக்கும் 880 ரூபாயைக் கழித்தால் நிகரம் 9,020.

இனி மீதியுள்ள 98 கிலோ வேஸ்ட்டைப் பிரித்து, சராசரியாக 40-க்குப் பதில் 60 ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாக வருவது 1,960. பிரிக்கும் கூலி 600 போனால் 1,360.

இரண்டும் லாபம்தான், இரண்டையும் செய்யுங்கள். ஆனால் முதலாவது இரண்டாவதைப்போல் ஆறு மடங்குக்கு மேல். வேஸ்ட்டை எப்படி நல்ல விலைக்கு விற்பது என்று யோசிக்கும் முன் அதை எப்படி உண்டாக்காமல் இருப்பது என்று யோசிக்கச் சொல்வது இதனால்தான்.

செய்ய வேண்டியவை நான்கு:

மார்க்கரைக் கணினியில் போடுங்கள். சொந்தமாக மென்பொருள் வாங்க முடியாவிட்டால் ஜாப் ஒர்க்காகப் போட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். 

பெரிய சைஸையும் சின்ன சைஸையும் ஒரே மார்க்கரில் கலந்து போடுங்கள். பெரியதின் இடைவெளியில் சின்னதின் கை உட்காரும். 

துணி அகலத்தை ரோல் ரோலாக அளந்து, ஒத்த அகலம் உள்ளவற்றை ஒரே லேயில் விரியுங்கள். ஒரு ரோல் குறுகலாக வந்தாலும் லே முழுக்க அந்த அகலத்துக்கு இறங்கிவிடும். 

கட்டிங் மாஸ்டரிடம் தினமும் இரண்டே இரண்டு எண்களைக் கேளுங்கள்: உள்ளே வந்த துணி எத்தனை கிலோ, மூட்டைக்குப் போனது எத்தனை கிலோ? கேட்கத் தொடங்கினாலே இரண்டாவது எண் குறையத் தொடங்கும்.

முறை 2: பிறந்த இடத்திலேயே பிரித்து விற்பது

பிரிப்பதை வேஸ்ட் வியாபாரி பார்த்துக்கொள்வாரே, நமக்கு எதற்கு அந்த வேலை? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இந்த முறையின் சூட்சுமம் இருக்கிறது.

குடோனில் உட்கார்ந்து பிரிக்கிற அம்மாவுக்கு நிறம் தெரியும். கலவை தெரியாது. கையில் இருப்பது நூறு சதவீதக் காட்டனா, ஐந்து சதவீத லைக்ரா கலந்ததா என்று பார்த்துச் சொல்ல அவரால் முடியாது, உங்களாலும் முடியாது. எரித்துப் பார்த்தால் காட்டன் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகும் என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கலப்பில் சிறிதளவு இருக்கும் லைக்ராவை அந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. டன் கணக்கில் வரும் சரக்கை எரித்துப் பார்த்துக்கொண்டும் இருக்க முடியாது.

கலவை துல்லியமாகத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான்: உங்கள் கட்டிங் டேபிள். லே விரிக்கும்போதே ஆர்டர் சீட்டில் கலவை, ஜி.எஸ்.எம்., நிறம், சாயமிட்ட இடம் எல்லாம் எழுதியிருக்கும். அந்தத் துண்டு மூட்டையில் மற்றதோடு கலந்த நொடியில் அந்தத் தகவல் செத்துப்போகிறது. மில்காரர் உங்களிடம் வாங்க விரும்புவது துணியோடு அந்தத் தகவலையும் சேர்த்துத்தான்.

காரணம் புரிய வேண்டுமானால் ஓ.இ. மில்லுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். திருப்பூர், பல்லடம், உடுமலை, சோமனூர் வட்டாரங்களில் ஓப்பன் எண்ட் முறையில் நூற்கும் மில்கள் நிறைய. கழிவுப் பஞ்சையும் பனியன் துண்டுகளையும் நூலாக்குவதில் கை தேர்ந்தவை. துண்டுகளை முதலில் பொடியாக வெட்டுவார்கள். பிறகு முள் பதித்த உருளைகளுக்குள் விட்டுப் பிய்ப்பார்கள். பிய்படும்போது நார் அறுந்து குட்டையாகிறது. குட்டை நாரை ரிங் ஃபிரேமில் நூற்பது கஷ்டம், ஓப்பன் எண்ட் எந்திரத்தின் ரோட்டாரில் நூற்கலாம். வலு சேர்க்கப் புதுப்பஞ்சையோ பாலியஸ்டரையோ கலந்து, பெரும்பாலும் தடித்த கவுண்ட்களில் நூல் எடுப்பார்கள்.

இந்த வரிசையில் லைக்ரா வந்து விழுந்தால் பிய்படாமல் ரப்பர்போல் இழுபட்டு முள்ளில் சுற்றிக்கொள்ளும். பிரிண்ட்டின் பிளாஸ்டிக் படலம் நூலில் முடிச்சாக நிற்கும். பார்கோடு ஸ்டிக்கர், பாலிதீன் துணுக்கு, ஒடிந்த ஊசி என்று எது வந்தாலும் தொல்லை. ஒரு ஊசி முள் உருளையில் பட்டுப் பொறி பறந்தால் பஞ்சு தீப்பிடிக்க அதுவே போதும்.

நிறப்பிரிப்பு ஏன் முக்கியம்? நீலத் துண்டைப் பிய்த்தால் நீல நார், நீல நூல். மறுபடி சாயப்பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. சாயத் தண்ணீரின் விலையைத் திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நொய்யலில் சாயக்கழிவு ஓடி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்ட வரலாறு இந்த ஊருக்கு உண்டு. அதன்பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்குப் பட்டறைகள் மாறின. ஆர்.ஓ. சவ்விலும் ஆவியாக்கும் கலனிலும் தண்ணீரையும் உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்துவது இங்கே இன்று நடைமுறை. அது நல்ல சுழற்சி, ஆனால் செலவு பிடிக்கும் சுழற்சி. அந்தச் செலவே இல்லாமல் நிறம் கிடைப்பதுதான் பிரித்த வண்ணத் துண்டின் பலம்.

நடைமுறைக்கு இப்படிச் செய்யுங்கள். டேபிள் பக்கத்தில் ஒரு கம்பிச் சட்டம் அடித்து ஆறு சாக்குகளைத் தொங்கவிடுங்கள்: வெள்ளை காட்டன், கறுப்பு காட்டன், வண்ணக் காட்டன், காட்டன்-பாலியஸ்டர் கலவை, லைக்ரா கலந்தது, பிரிண்ட் அடித்தது. லே மாறும்போது சாக்கும் மாற வேண்டும் என்பது கட்டிங் ஹெல்பரின் பொறுப்பு. சாக்கு நிறைந்ததும் ஒரு சீட்டு கட்டுங்கள்: தேதி, ஆர்டர் எண், கலவை, நிறம், எடை. அந்தச் சீட்டு இல்லாத சாக்கு வெறும் மூட்டை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். வேஸ்ட் வியாபாரியை ஓரங்கட்டிவிட்டு மில்லுக்கு நேரடியாக விற்கலாம் என்று பலரும் முயன்று பார்க்கிறார்கள். மில் கேட்பது ஒரே ரகத்தில் லாரி லோடு. உங்களிடம் சேர்வது ஒரு ரகத்துக்கு வாரம் சில மூட்டைகள். நூறு யூனிட்டிலிருந்து சேர்த்து லோடாக்குவதுதான் வியாபாரியின் தொழில். பிரித்த சரக்குக்குப் பிரித்த விலை என்று அவரிடம் பேசி முடியுங்கள். அக்கம்பக்கத்தில் ஐந்தாறு யூனிட்டுகள் சேர்ந்து ஒரே முறையில் பிரித்தால் பேரத்தில் உங்கள் கை ஓங்கும்.

முறை 3: துணியைத் துணியாகவே பயன்படுத்துவது

ரோல் மிச்சம், ஆர்டர் ரத்தாகித் தேங்கிய துணி, கை அகலத்துக்கு மேல் உள்ள துண்டு இவையெல்லாம் பிய்க்கப்பட வேண்டிய சரக்கே அல்ல. குழந்தைகள் உடை, உள்ளாடை, பை, கால்மிதி, தலையணை உறை என்று நேராகப் போகலாம்.

இதில் இறங்குபவர்கள் செய்யும் முதல் தவறு, டிசைனை முதலில் போட்டுவிட்டுத் துணியைத் தேடுவது. இங்கே வரிசை தலைகீழ். எந்த அளவுத் துண்டு மாதாமாதம் தவறாமல் கிடைக்கிறது என்று மூன்று மாதம் அளந்து பாருங்கள். அந்த அளவுக்குள் அடங்கும் பொருளை அப்புறம் வரையுங்கள். நிறம் மாறி மாறித்தான் வரும். நிறம் மாறுவதே அழகாகத் தெரியும்படி டிசைன் இருக்க வேண்டும். முன்பக்கம் ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று வைத்துவிட்டால் எந்த வாரத்து மூட்டையும் உதவும்.

இரண்டாவது தவறு, பரிதாபத்தை விற்பது. கழிவில் செய்தது என்பதற்காக ஒருவர் ஒருமுறை வாங்குவார். மறுமுறை வாங்குவது தையல் நேராக இருந்தால்தான்.

துண்டுத் துணி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆரோவில்லில் பிறந்த சுனாமிகா பொம்மை நல்ல சான்று. 2004 சுனாமிக்குப் பிறகு மீனவப் பெண்கள் மிச்சத் துணியில் செய்யத் தொடங்கிய விரல் அளவு பொம்மை அது. அதை விலைக்கு விற்கவில்லை, அன்பளிப்பாகவே கொடுத்தார்கள். பெற்றவர்கள் விரும்பித் தந்த நன்கொடையில் அது உலகம் சுற்றியது. எல்லோரும் இதைப் பின்பற்ற முடியாது. ஆனால் ஒரு விரல் அகலத் துண்டுக்கும்கூட ஏற்ற பொருள் ஒன்று காத்திருக்கிறது என்பதை அது காட்டியது.

தைத்து முடிந்த ஆடையின் மிச்சத்துக்குத் திருப்பூரில் காதர்பேட்டை இருக்கிறது. ஏற்றுமதியில் மிஞ்சியதும் செக்கிங்கில் கழிந்த செகண்ட்ஸும் அங்கே வந்து, நாடெங்கும் உள்ள சிறு வியாபாரிகளுக்குப் போகின்றன. ஆடை ஆடையாகவே விற்பனையாவதால் இது இரண்டாம் படி. சுழற்சிப் பொருளாதாரம் என்ற பெயர் வரும் முன்பே நடக்கிற சுழற்சி. ஒரே எச்சரிக்கை: பையரின் பிராண்ட் லேபிளை நீக்காமல் விற்பதை ஒப்பந்தம் பெரும்பாலும் தடுத்திருக்கும். மிச்சத்தை எப்படிக் கழிக்கலாம் என்பதை ஆர்டர் எடுக்கும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

முறை 4: விற்ற ஆடை திரும்பி வரும் வழி

இதுவரை பார்த்தது உற்பத்திக் கழிவு. உடுத்திப் பழசான ஆடையைத் திரும்பப் பெறுவது வேறு ஆட்டம். அதில் கடினமான வேலை சேகரிப்பு.

நம் ஊருக்கு இது புதிதல்ல. பழைய புடவைக்கும் பேன்ட்டுக்கும் எவர்சில்வர் பாத்திரம் தந்துவிட்டுப் போகும் பாத்திரக்காரர்கள் இன்னும் தெருவுக்கு வருகிறார்கள். அவர்களிடம் கற்க ஒன்று உண்டு: வீட்டில் கிடக்கும் பழைய துணியைச் சும்மா கொடுக்கச் சொன்னால் மறந்துவிடுவோம், ஒரு கிண்ணம் தருவதாகச் சொன்னால் பீரோவைத் திறப்போம். திருப்பி வாங்கும் திட்டம் போடும் எந்த நிறுவனமும் அந்தக் கிண்ணம் எது என்று முடிவு செய்தாக வேண்டும். அடுத்த வாங்கலில் தள்ளுபடி என்பதுதான் பெரும்பாலும் கிண்ணம்.

வெளிநாட்டு முறைகளில் மூன்றைப் பார்க்கலாம். அமெரிக்காவின் படகோனியா 2011-ல் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, தேவையில்லாமல் தன் ஜாக்கெட்டையே வாங்க வேண்டாம் என்றது. பழுதுபார்த்துக் கொடுப்பதையும் பழைய ஆடையை வாங்கி விற்பதையும் தொழிலின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறது. நெதர்லாந்தின் மட் ஜீன்ஸ் 2013-ல் ஜீன்ஸை மாத வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கியது. லிதுவேனியாவில் 2008-ல் தொடங்கிய வின்டட், சரக்கைக் கையில் தொடாமலே, விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைத்து வளர்ந்தது.

இவற்றில் எதை இங்கே அப்படியே செய்யலாம்? படகோனியா முறைக்குப் பல வருடம் உழைக்கும் விலையுயர்ந்த ஆடை வேண்டும். இருநூறு ரூபாய் டி-சர்ட்டை வாங்கிவந்து, துவைத்து, படமெடுத்து, கூரியரில் அனுப்பினால் கூரியர்காரர் மட்டும் சம்பாதிப்பார். வாடகை முறை கல்யாணப் பட்டுக்கும் ஷெர்வானிக்கும் ஏற்கனவே ஓடுகிறது. ஒருநாள் உடுத்தி வருடம் முழுக்கப் பெட்டியில் கிடக்கும் உடைக்கு அது பொருந்தும், தினசரி உடைக்குப் பொருந்தாது.

சிறு நிறுவனத்துக்கு நான் பரிந்துரைப்பது சீருடை. ஒரு மருத்துவமனை, ஓட்டல், பள்ளி அல்லது தொழிற்சாலைக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் சீருடை கொடுங்கள். கிழிந்தால் தைத்துத் தருவதும், முடிவில் திருப்பி எடுத்துக்கொள்வதும் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். திரும்பி வருவது எத்தனை உருப்படி, எந்த மாதம், என்ன கலவை, என்ன நிறம் எல்லாம் உங்களுக்கு முன்பே தெரியும், ஏனென்றால் தைத்தது நீங்கள். முறை 2-ல் சொன்ன தகவல் இங்கே சாகாமல் இருக்கிறது. ஜிப், பட்டன், லோகோ எல்லாவற்றையும் எளிதாகக் கழற்றும்படி ஆரம்பத்திலேயே தைத்துவிட்டால் திரும்பி வரும்போது கூலி மிச்சம்.

முறை 5: நாராக்கி நூலாக்குவது: இறங்கும் முன் யோசியுங்கள்

பழைய கம்பளியைப் பிய்த்து மறுபடி நூற்பதை 1813 வாக்கில் இங்கிலாந்தின் பேட்லியில் பெஞ்சமின் லா தொடங்கிவைத்தார். இத்தாலியின் பிராட்டோ அதில் பேர் பெற்றது. நம் நாட்டில் ஹரியானாவின் பானிபட். உலகெங்கிலுமிருந்து கப்பலில் வரும் பழைய ஸ்வெட்டர்கள் அங்கே ஷாடி எனப்படும் பிய்த்து நூற்ற நூலாகி மலிவான கம்பளிப் போர்வையாகின்றன. பேரிடர் நிவாரணத்துக்குப் போகும் போர்வைகளில் பல அங்கே நெய்தவை. ஆனால் மென்மையான பாலியஸ்டர் ஃபிளீஸ் போர்வை சந்தைக்கு வந்ததும் ஷாடியின் பங்கு சரிந்தது. மறுசுழற்சிப் பொருள் போட்டியிடுவது புதுப்பொருளின் விலையோடு. அந்த விலை உங்கள் கையில் இல்லை.

இன்னும் கசப்பான பாடம் சுவீடனில் இருக்கிறது. ரீநியூசெல் என்ற நிறுவனம் பழைய காட்டன் துணியை வேதிமுறையில் கரைத்துக் கூழாக்கி, அதிலிருந்து விஸ்கோஸ் நார் எடுக்க வழி கண்டது. 2022-ல் சுண்ட்ஸ்வாலில் பெரிய ஆலை திறந்தது. பெரிய பிராண்டுகள் பாராட்டின. எதிர்பார்த்த அளவுக்கு ஆர்டர் வரவில்லை. 2024 பிப்ரவரியில் திவால். பிறகு வேறு முதலீட்டாளர் வாங்கி, சர்க்குலோஸ் என்ற பெயரில் தொடர வேண்டியதாயிற்று. தொழில்நுட்பம் தோற்கவில்லை. வாங்குவதாகச் சொன்ன வாயும் வாங்கிய கையும் ஒன்றாக இல்லை. எந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் கையில் இருக்க வேண்டியது எழுத்தில் உள்ள கொள்முதல் ஆர்டர்.

பாட்டிலில் இருந்து துணி பற்றியும் ஒரு வார்த்தை. பெட் பாட்டிலைப் பாலியஸ்டர் நாராக்குவது தமிழ்நாட்டில் நன்றாக வளர்ந்த தொழில். ஆனால் அது பாட்டிலைத் துணியாக்குவதே தவிரத் துணியைத் துணியாக்குவது அல்ல. பாட்டில் மறுபடி பாட்டிலாகலாமே என்ற கேள்வியை ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் எழுப்பத் தொடங்கிவிட்டார்கள். இரண்டையும் ஒன்றாகச் சொல்லி விற்காதீர்கள்.

சட்டமும் சான்றும்

பையர்கள் திடீரென்று இதையெல்லாம் கேட்பதற்குக் காரணம் ஐரோப்பியச் சட்டங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பழைய துணியைத் தனியாகச் சேகரிப்பது 2025 ஜனவரி 1 முதல் கட்டாயம். விற்காத ஆடையையும் காலணியையும் பெரிய நிறுவனங்கள் அழிப்பதற்கான தடை 2026 ஜூலை 19-ஐத் தொடக்க நாளாகக் கொண்டது. பொருள் எதில் செய்தது, எங்கிருந்து வந்தது என்று காட்டும் டிஜிட்டல் பாஸ்போர்ட்டுக்கும் அதே சட்டம் வழி வகுத்திருக்கிறது. இதில் பெரும்பகுதி பிராண்டின் தலையில் விழும் சுமைதான். ஆனால் அவர்களுக்குத் தேவையான விவரம் உங்கள் கட்டிங் டேபிளில் இருக்கிறது.

சான்றுகளில் அடிக்கடி கேட்கப்படுபவை இரண்டு. ஆர்.சி.எஸ். (ரீசைக்கிள்டு கிளெய்ம் ஸ்டாண்டர்ட்) பெற மறுசுழற்சிப் பொருள் 5 சதவீதம் இருந்தாலே போதும்; அது வந்த பாதையை மட்டும் சரிபார்க்கும். ஜி.ஆர்.எஸ். (குளோபல் ரீசைக்கிள்டு ஸ்டாண்டர்ட்) 20 சதவீதத்தில் தொடங்கும். தொழிலாளர் நலன், ரசாயனம், கழிவுநீர் ஆகியவற்றையும் பார்க்கும். ஆடையில் அதன் முத்திரை போட 50 சதவீதமாவது வேண்டும். வேஸ்ட் கொடுக்கும் கட்டிங் யூனிட் இந்தச் சான்றை வாங்க வேண்டியதில்லை. சான்றுச் சங்கிலி துணியைப் பிய்க்கும் மில்லில் தொடங்குகிறது. கொடுக்கும் சரக்கு என்ன என்ற உறுதிமொழியை மட்டும் மில் உங்களிடம் எழுதி வாங்கும். சாக்கில் கட்டிய அந்தச் சீட்டு அப்போது கைகொடுக்கும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் நடப்பு விதியைச் சான்றளிக்கும் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குடோனில் உட்கார்ந்திருப்பவர்கள்

இந்தத் தொழிலின் மூலதனம் பிரிக்கும் கை. அது பெரும்பாலும் கிலோ கணக்கில் கூலி வாங்கும் பெண்ணின் கை. பஞ்சுத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். காற்றோட்டம், தூசி உறிஞ்சி, முகக்கவசம் மூன்றும் தேவை. பழைய துணி என்றால் கையுறையும் வேண்டும். தரையில் உட்காரவைக்காமல் மேசை போட்டுக்கொடுங்கள். முதுகு வலிக்காத கை அதிகம் பிரிக்கும். துணிக் குடோனில் பழைய வயரிங்கும் பீடியும் இருந்தால் காப்பீடு கூட உதவாது. சுழற்சி என்ற பெயரில் மனிதரைக் கழிவாக்கினால் ஆடிட்டர் கண்டுபிடிப்பதற்கு முன்பே ஊர் கண்டுபிடித்துவிடும்.

தொண்ணூறு நாள் திட்டம்

முதல் முப்பது நாள்: எடை மட்டும் போடுங்கள். தினமும் வந்த துணி, போன வேஸ்ட், ரோல் மிச்சம், செகண்ட்ஸ். எதையும் மாற்ற வேண்டாம்.

அடுத்த முப்பது நாள்: மார்க்கரைத் திருத்துங்கள். ஆறு சாக்குச் சட்டம் அடியுங்கள். மூன்று வியாபாரிகளிடம் பிரித்த சரக்குக்கு விலை கேளுங்கள். ஒரு ஓ.இ. மில்லுக்கு நேரில் போய், அவர்கள் தள்ளிவைத்த மூட்டை ஏன் தள்ளப்பட்டது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கடைசி முப்பது நாள்: தேங்கிய துணியில் ஒரே ஒரு பொருளை நூறு உருப்படி மட்டும் தைத்து, தெரிந்தவர் அல்லாத ஐம்பது பேரிடம் முழு விலைக்கு விற்றுப் பாருங்கள். ஒரு நிறுவனத்திடம் சீருடை ஒப்பந்தம் பேசுங்கள்.

இந்தத் தொண்ணூறு நாளில் நீங்கள் வாங்கும் எந்திரம் ஒரு எடைத் தராசு மட்டும். அது காட்டும் எண்கள் பிய்க்கும் எந்திரம் வாங்கலாம் என்று சொன்னால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் மானியத் திட்டங்களைக் கேளுங்கள். சொல்லவில்லை என்றால் போகாதீர்கள். இன்று மாலை மூட்டை கட்டும் முன் அதை ஒருமுறை தரையில் கொட்டிப் பாருங்கள். உங்கள் முதல் கணக்கு அங்கேதான் கிடக்கிறது.